தருக்கம், ஏரணம், அளவை, லாஜிக்: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு முடிவுக்கு எப்படி வந்தோம், வந்த வழி சரிதானா என்று சோதிக்கும் துறைக்குத் தமிழில் நான்கைந்து பெயர்கள் உண்டு. பாடநூலில் ஒன்று, கணினி நூலில் ஒன்று, சைவ நூலில் இன்னொன்று, டீக்கடையில் வேறொன்று. மொழிபெயர்ப்பாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

‘லாஜிக்’ என்பதற்குச் சரியான ஒரே தமிழ்ச் சொல் எது?

ஒரே சொல் கிடையாது. அப்படி ஒன்றைத் தேடுவதில்தான் பாதிக் குழப்பமே தொடங்குகிறது. எழுதும் முன் எந்தப் பொருளில் அந்தச் சொல் வருகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

கற்பிக்கப்படும் துறையைச் சொன்னால் தருக்கவியல் அல்லது அளவையியல். ஒருவர் தம் வாதத்தைக் கோத்த விதத்தைச் சொன்னால் தருக்கம். கணினிச் சுற்று, நிரல் சார்ந்தது என்றால் தருக்க அல்லது தர்க்க என்ற முன்னொட்டு. ‘அவர் செய்ததில் ஒரு லாஜிக் இருக்கிறது’ என்பது போன்ற இடத்தில் காரணம், நியாயம், பொருத்தம் ஆகிய மூன்றில் ஒன்றே போதும். அங்கே ‘அவர் செய்ததில் ஒரு தருக்கவியல் இருக்கிறது’ என்று எழுதினால் வாசகர் திடுக்கிடுவார்.

‘தர்க்கம்’ சரியா, ‘தருக்கம்’ சரியா?

இரண்டும் ஒரே வடசொல்லின் வடிவங்கள். வேறுபாடு எழுத்திலக்கணத்தால் வந்தது.

தமிழில் ர், ழ் இரண்டும் தனிக்குறிலை அடுத்து மெய்யாக நிற்பதில்லை என்பது நன்னூல் விதி. ‘பார்க்க’, ‘வாழ்க்கை’ என்பவற்றில் முன்னே நெடில் இருப்பதால் தடையில்லை. ‘தர்க்கம்’ என்பதில் ‘த’ தனிக்குறில். அதனால் நடுவே ஓர் உகரம் நுழைந்து ‘தருக்கம்’ ஆயிற்று. தர்மம் தருமம் ஆனதும், வர்க்கம் வருக்கம் ஆனதும், சர்க்கரை சருக்கரை ஆனதும் இதே வழியில்தான்.

இன்றைய வழக்கில் செய்தித்தாளும் பேச்சும் ‘தர்க்கம்’ என்கின்றன. இலக்கண மரபைப் பேணும் நூல்கள் ‘தருக்கம்’ என்கின்றன. எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க ஒன்றையே எழுதுங்கள். ‘தர்க்கரீதியாக’ என்று தொடங்கி அடுத்த பத்தியில் ‘தருக்கவியலாளர்’ என்றால் இரண்டும் வெவ்வேறு பொருளோ என்று மாணவர் ஐயுறுவார். துறைப்பெயர் அடிக்கடி வரும் கட்டுரையில் ‘தருக்க’ வடிவமே வசதி: தருக்கவியல், தருக்கமுறை, தருக்கப் பிழை. கடைசியில் உள்ளது போல வருமொழி வல்லினமானால் ஒற்று மிகும். ‘தருக்க பிழை’ என்று விடுவது பரவலாகக் காணும் தவறு.

தருக்கு என்றால் செருக்கு அல்லவா? தருக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ‘தருக்கு’ என்பது இறுமாப்பைக் குறிக்கும் வேறு சொல். ஆனால் வினையாக்கும்போது இடறல் வரும். ‘அவர் தருக்கினார்’ என்றால் அகந்தை கொண்டார் என்று பொருள்படும். வாதிட்டார் என்பதற்கு ‘தருக்கித்தார்’, ‘தர்க்கம் செய்தார்’ என்றே எழுத வேண்டும். ‘வாதிட்டார்’ என்று எழுதினால் வம்பே இல்லை.

‘சும்மா தர்க்கம் பண்ணாதே’ என்கிறோமே. துறையின் பெயர் எப்படிச் சண்டைக்குப் பெயரானது?

துறையே விவாத மேடையில் வளர்ந்தது என்பதால். கௌதம முனிவர் பெயரில் வழங்கும் பழைய வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரம் பதினாறு பொருள்களைப் பட்டியலிடுகிறது. அறியும் வழி, அறியப்படும் பொருள், ஐயம், பயன், எடுத்துக்காட்டு என்று தொடங்கும் பட்டியலின் பின்பாதி பெரும்பாலும் விவாதம் பற்றியது. வாதம், ஜல்பம், விதண்டை என்று பேச்சை அது மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இருவரும் கூடிப் பேசுவது வாதம். வெல்வதே குறியாகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிராளி சொன்னதை மட்டும் உடைத்துக்கொண்டே போவது விதண்டை. ‘விதண்டாவாதம்’ என்று வீட்டில் திட்டும்போது நாம் ஏறக்குறைய அந்தப் பழைய பொருளிலேயே திட்டுகிறோம். இத்தனை நூற்றாண்டில் கூர் மழுங்காத கலைச்சொல் இது ஒன்றுதான் எனலாம். ‘குதர்க்கம்’ சற்றுத் தளர்ந்துவிட்டது. இன்று பிடிக்காத கேள்வி எதுவானாலும் குதர்க்கம்தான்.

அந்தப் பதினாறில் ‘தர்க்கம்’ என்பதும் ஒன்று. அங்கே அது துறைப்பெயரும் அல்ல, சண்டையும் அல்ல. மறுதலையை ஏற்றுக்கொண்டால் என்ன அபத்தம் விளையும் என்று காட்டும் துணைக் கருவி. ‘மலையில் நெருப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் புகையும் இருக்கக் கூடாதே’ என்பது தர்க்கம். அது தனியாக எதையும் நிறுவாது, ஐயத்தை அகற்றி முடிவுக்கு வலுச்சேர்க்கும். வடமொழித் தத்துவ நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் ‘தருக்கவியல்’ என்று போட்டுவிட்டால் வாக்கியமே நொண்டும்.

பேச்சில் இடத்துக்கு இடம் அழுத்தம் மாறும். இலங்கைச் செய்திகளில் ‘வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பானது’ என்பது அன்றாடத் தொடர். தமிழ்நாட்டில் அதே செய்தி ‘வாக்குவாதம் முற்றி’ என்று வரும்.

அளவை என்றால் அளப்பது தானே? அது எப்படி இந்தத் துறைக்குப் பெயரானது?

படியால் நெல்லை அளப்பது போல, அறிவை எதனால் அளந்து ஏற்கிறோமோ அது அளவை. வடமொழியில் பிரமாணம் எனப்படுவதும் ‘அளத்தல்’ என்ற வேரிலிருந்தே வருகிறது. தமிழில் இந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளைக் கேட்கிறாள். முதலில் பேசுபவனே அளவைவாதி. வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என ஆசிரியர்கள் அளவைகள் கொண்டனர் என்கிறான் அவன். பிறகு பத்தையும் விரிக்கிறான்: காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி, உள்ளநெறி. அருத்தாபத்திக்கு வழக்கமான எடுத்துக்காட்டு ‘கங்கையில் இடைச்சேரி’: ஆற்றின் நடுவே சேரி இருக்க முடியாது, எனவே கரையில் என்று கொள்கிறோம்.

எத்தனை அளவைகளை ஏற்பது என்பதிலேயே சமயங்கள் பிரிந்தன. உலகாயதர் காட்சி (காண்டல்) ஒன்றையே ஏற்றார்கள். பௌத்தரும் வைசேடிகரும் காட்சி, கருதல் (அனுமானம்) என இரண்டு. சாங்கியர் உரையையும் (ஆகமம்) சேர்த்து மூன்று. நியாயப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர் ஒப்பும் (உவமம்) கூட்டி நான்கு. மீமாம்சகரில் பிரபாகரர் ஐந்து, பாட்டர் ஆறு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பத்தையும் எண்ணிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது.

ஆக, ‘அளவை’ என்ற சொல்லின் பரப்பு இன்று நாம் லாஜிக் என்பதைவிடப் பெரியது. கண்ணால் கண்டறிவதும் சான்றோர் சொல்லை ஏற்பதும்கூட அதில் உண்டு. கருதல் என்ற ஒரு பகுதிதான் நேராக அனுமான முறையைச் சேர்ந்தது. பழைய நூல்களைப் பற்றி எழுதும்போது அளவையை லாஜிக்குக்குச் சமமாக வைத்தால் பாதி நூல் வெளியே விழுந்துவிடும்.

இலங்கையில் இதே சொல் பாடப்பெயராக நிலைத்திருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வான க.பொ.த. உயர்தரத்தில் கலைப்பிரிவு மாணவர்கள் எடுக்கும் பாடம் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’. தமிழ்நாட்டு வாசகர்களுக்காக எழுதும்போது ஒரு எச்சரிக்கை: அங்கே பள்ளிக் கணக்கில் ‘அளவியல்’ என்றால் பரப்பளவு, கனஅளவு காணும் பாடம். ஓர் ஐகாரம் தவறினால் தருக்கம் உருளையாகவும் கூம்பாகவும் மாறிவிடும்.

ஏரணம் தூய தமிழ்ச் சொல் என்கிறார்களே. எழுதலாமா?

எழுதலாம், வாசகரைப் பார்த்து எழுதுங்கள். கடல்கொண்ட நூல்களை வரிசையிடும் பழைய தனிப்பாடல் ஒன்று ‘ஏரணம் உருவம் யோகம்’ என்று தொடங்குகிறது. அதிலுள்ள ஏரணத்தைத் தருக்க நூல் என்று பொருள்கொண்டு, தனித்தமிழ் வழியில் எழுதுவோர் அதைத் துறைப்பெயராக வளர்த்தெடுத்தார்கள். ஏரணவியல், ஏரணமுறை என்று கிளைச்சொற்கள் எளிதாக அமைகின்றன. ‘தர்க்கம்’ போலச் சண்டைப் பொருள் ஒட்டிக்கொள்ளாதது இதன் பெரிய நன்மை. பேச்சில் இல்லாததால் முதல்முறை வரும்போது ‘ஏரணம் எனப்படும் தருக்கவியல்’ என்று ஒருமுறை விளக்கிவிட வேண்டியிருப்பது குறை.

நியாயம் என்று எழுதினால் என்ன?

நீதி என்று படித்துவிடுவார்கள். இந்தியத் தருக்கப் பள்ளிகளில் ஒன்றின் பெயரே நியாயம்தான். ஆனால் இன்றைய தமிழில் ‘இது என்ன நியாயம்?’ என்பது முறையீடு. எனவே பள்ளியைக் குறிக்கும்போது ‘நியாய தரிசனம்’, ‘நியாய மதம்’, அதைச் சேர்ந்தவரை ‘நையாயிகர்’ என்று முழுமையாக எழுதுவது நல்லது.

மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு: உவமை வழியே சொல்லப்படும் வழக்கு. காகதாலீய நியாயம் அதில் ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நாம் சொல்வது அதைத்தான். முன்னால் நடந்ததாலேயே ஒன்று பின்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடாது என்ற தருக்கப் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் தொடர் கிடைப்பது அரிது.

பழைய முறையில் ஒரு வாதத்தை எப்படி அடுக்குவார்கள்? ஒரு எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியுமா?

ஐந்து உறுப்புகள். மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குக் கற்பிக்கும் சொற்களிலேயே பார்க்கலாம்.

பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று): இம்மலை நெருப்புடையது.
ஏது (காரணம்): புகையுடையதாதலால்.
திட்டாந்தம் (எடுத்துக்காட்டு): அடுக்களை போல.
உபநயம் (எடுத்துக்காட்டைப் பொருளோடு பொருத்துதல்): இம்மலையும் புகையுடையது.
நிகமனம் (முடிவு): ஆகவே நெருப்புடையது.

அடுக்களையைத் திட்டாந்தமாக வைத்தது சும்மா அல்ல. புகையும் நெருப்பும் சேர்ந்தே இருப்பதை யாரும் நாள்தோறும் கண்ட இடம் அது. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு திட்டாந்தம் வேண்டும்: நெருப்பில்லாத இடத்தில் புகையும் இருக்காது, புனல் போல. பௌத்தருக்கு உபநயமும் நிகமனமும் தேவையில்லை. அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகள் சொல்கிறார். நையாயிகர் ஐந்தையும் விடமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது பிறருக்கு எடுத்துரைக்கும் முறை. கேட்பவர் ஒவ்வொரு படியிலும் கூடவே வர வேண்டும்.

ஏது சரியானதா என்று சோதிக்க மூன்று கேள்விகள் போதும். பேசப்படும் பொருளில் அது உண்மையில் இருக்கிறதா? அதை ஒத்த இடத்தில், அதாவது சபக்கத்தில், இருக்கிறதா? ஒவ்வாத இடமான விபக்கத்தில் இல்லாமல் இருக்கிறதா?

இதில் எங்கே தவறு வரும்?

மூன்று கேள்விகளில் எது பொய்த்தாலும் அது ஏதுப்போலி, அதாவது ஏது போலத் தோன்றும் தவறான காரணம்.

மலைமேல் தெரிந்தது புகையே அல்ல, பனிமூட்டம் என்றால் ஏது பொருளில் இல்லவே இல்லை, இது அசித்தம். ‘மலையில் புகை இருக்கிறது, நெருப்பு இருப்பதால்’ என்று திருப்பிச் சொன்னால் ஏது விபக்கத்திலும் போய் நிற்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இது அநைகாந்திகம், இரு பக்கமும் சாயும் ஏது. ‘ஒலி நிலையானது, உண்டாக்கப்படுவதால்’ என்பது விருத்தம். உண்டாக்கப்படுவது அழியும் என்பதால் ஏது சொன்னவருக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

பக்கத்திலேயே கோளாறு இருக்கலாம். ‘என் தாய் மலடி’ என்பது தன் சொல்லைத் தானே மறுப்பது. மணிமேகலை இதைச் சுவசன விருத்தம் என்கிறது. அந்தக் காதையின் கணக்கில் பக்கப்போலி 9, ஏதுப்போலியின் உட்பிரிவுகள் 14, திட்டாந்தப்போலி 10, ஆக மொத்தம் 33. ஒரு காப்பியத்தில் இத்தனை விரிவா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கதையாகப் படித்தால் வறட்சிதான். கலைச்சொல் தேடுபவருக்கோ அதுபோல ஒரு களஞ்சியம் இல்லை: ஏது, திட்டாந்தம், போலி எல்லாம் அங்கே ஆயத்தமாக இருக்கின்றன. இன்று வாதப் பிழையைக் குறிக்கப் ‘போலி’ என்று எழுதுவது அந்த மரபின் நேர் தொடர்ச்சி.

இதைப் படித்துவிட்டு மேலே போக விரும்புவோருக்கு அடுத்த படி தருக்க சங்கிரகம். அன்னம்பட்டர் 17ஆம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதிய தொடக்கநிலை நூல் அது. சிவஞான முனிவர் அதைத் தமிழாக்கியிருக்கிறார்.

அனுமானம் என்றால் ஊகம் என்றல்லவா நினைத்திருந்தேன்?

இன்றைய தமிழில் நீங்கள் நினைத்ததுதான் சரி. ‘என் அனுமானம்’ என்றால் உறுதியில்லாத கணிப்பு. தருக்க நூலில் நேர் எதிர்: ஏதுவிலிருந்து ஐயமின்றிப் பெறும் அறிவே அனுமானம். பழைய நூலைப் பற்றி எழுதும்போது ‘கருதல் அளவை’ என்று எழுதிவிட்டால் வாசகர் வழி தவற மாட்டார்.

இப்படி மேடையிலிருந்து தெருவுக்கு இறங்கும்போது பொருள் மாறிய சொற்கள் நிறைய. பிரமாணம் இன்று பதவியேற்பில் எடுக்கும் உறுதிமொழி. தருக்கத்தில் அறியும் வழி. சித்தாந்தம் இன்று கட்சிக் கொள்கை. தருக்கத்தில் நிறுவி முடித்த முடிபு. வாதம் மருத்துவத்தில் நோய்க்கூறு, அரசியலில் ஒரு பின்னொட்டு. பட்டிமன்றத்துக்கும் இதே கதி. மணிமேகலையின் விழாவறை காதை, சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறச் சொல்கிறது. பகைவரோடுகூடச் சினமும் பூசலும் வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. பண்டிகை நாள் பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்பு பாட்டோடு முடிகிறது.

எழுதுபவருக்கான சோதனை எளிது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஊகம், உறுதிமொழி, கொள்கை என்று வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் அது தெருப்பொருள், சரிந்தால் நூல்பொருள். நூல்பொருள் என்றால் முதல் இடத்தில் ஒரு விளக்கம் தேவை.

மேலைத் தருக்கத்துக்குத் தமிழில் என்ன கலைச்சொற்கள்?

இதில் இலங்கைப் பாட மரபு நன்கு தேய்ந்து பண்பட்டது. வாதத்தின் அடிப்படையாக வைப்பது எடுகூற்று, அதிலிருந்து பெறுவது முடிவு. இரண்டு எடுகூற்றும் ஒரு முடிவும் கொண்ட அரிஸ்டாட்டில் வடிவம் நியாயத்தொடை. இரண்டு எடுகூற்றிலும் வந்து முடிவில் வராதது மத்திய பதம்.

மிகவும் பயன்படும் இணை ‘உண்மை’, ‘வாய்ப்பு’. கூற்று உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும். வாதம் வாய்ப்பானதாகவோ வாய்ப்பற்றதாகவோ இருக்கும். ‘எல்லா மீன்களும் பறப்பவை, சுறா ஒரு மீன், ஆகவே சுறா பறக்கும்.’ முதல் கூற்று பொய், முடிவும் பொய், ஆனால் வாதம் வாய்ப்பானது. ‘எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள், முருகன் பட்டதாரி, ஆகவே முருகன் ஆசிரியர்.’ முருகன் உண்மையிலேயே ஆசிரியராக இருந்தாலும் வாதம் வாய்ப்பற்றது, ஏனெனில் மத்திய பதமான ‘பட்டதாரி’ இரண்டு எடுகூற்றிலும் முழுத் தொகுதியையும் தொடவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு ‘வாய்ப்பு’ என்றால் சந்தர்ப்பம் என்று படும் ஆகையால், அங்கே ‘செல்லுபடியாகும் வாதம்’ என்று எழுதுவோரும் உண்டு.

நியாயத்தொடையையும் ஐந்துறுப்பையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். நியாயத்தொடை வடிவத்தை மட்டும் பார்க்கும். மீன் பறந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஐந்துறுப்பு வாதம் அடுக்களை போன்ற கண்ட சான்றைக் கேட்கும். பொய்யான ஏதுவோடு வந்தால் உள்ளேயே விடாது.

பொதுவிலிருந்து தனிக்கும், தனியிலிருந்து பொதுவுக்கும் போகும் முறைகளுக்குப் பெயர் என்ன? ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொன்றாக இருக்கிறதே.

ஆம், இது உண்மையான தலைவலி. இலங்கையில் உய்த்தறிமுறை, தொகுத்தறிமுறை. தமிழ்நாட்டில் பொருளியல் நூலில் பகுத்தாய்வு முறை, தொகுத்தாய்வு முறை. கல்வியியல் நூலில் விதிவிளக்கமுறை, விதிவருமுறை. கடைசி இணையில்தான் தேர்வுத்தாள்கள் அதிகம் கவிழ்கின்றன: விதியை முதலில் வைத்து விளக்குவது விதிவிளக்கமுறை, எடுத்துக்காட்டுகளிலிருந்து விதி ‘வருவது’ விதிவருமுறை.

இதில் கணிதத் தொகுத்தறிதல் என்பது பெயரில் மட்டுமே தொகுத்தறிதல். முதல் எண்ணுக்கு உண்மை என்று காட்டி, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டினால் முடிவு கட்டாயம் வந்தே தீரும், அது உய்த்தறிமுறைதான். ஆயிரம் காக்கை கறுப்பு, எனவே எல்லாம் கறுப்பு என்கிற தொகுத்தறிதலில் அந்தக் கட்டாயம் இல்லை.

தமிழ் வாக்கியத்தைத் தருக்க வடிவத்தில் எழுதும்போது எங்கே வழுக்கும்?

விகுதிகளில். தமிழில் பெரும்பாலான தருக்க வேலையைச் சின்னஞ்சிறு ஒட்டுகள் செய்கின்றன.

‘படித்தால் தேறுவாய்’ என்பது படிப்பு போதும் என்கிறது. ‘படித்தால்தான் தேறுவாய்’ என்பது படிப்பு கட்டாயம் என்கிறது. படித்தும் தேறாமல் போகலாம். ஒரு ‘தான்’ நிபந்தனையின் திசையையே திருப்பிவிடுகிறது. இரண்டும் சேர்ந்த நிலையைக் கணித நூல்கள் ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்று எழுதுகின்றன. ‘படித்தாலும்’ என்றால் நிபந்தனையே இல்லை.

‘எல்லாரும் வரவில்லை’ இன்னும் மோசம். ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேச்சில் தொனி காப்பாற்றும். தேர்வுத்தாளிலும் ஒப்பந்தத்திலும் காப்பாற்றாது. ‘ஒருவரும் வரவில்லை’ அல்லது ‘சிலர் வரவில்லை’ என்று பிரித்து எழுதுவதே வழி.

‘அல்லது’ என்பதும் இரண்டு பட்டது. ‘காபி அல்லது டீ’ என்றால் ஒன்றுதான். ‘வாக்காளர் அட்டை அல்லது கடவுச்சீட்டு கொண்டு வரவும்’ என்றால் இரண்டையும் கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கணிதத் தருக்கத்தில் ‘அல்லது’ எப்போதும் இரண்டாவது வகை. ஒன்று மட்டும் என்று கட்டாயமானால் ‘இரண்டில் ஒன்று மட்டும்’ என்று எழுதுங்கள்.

கணினித் துறையில் எதை எழுதுவது?

தமிழ்நாட்டில் பாடநூல்கள் தருக்க வாயில், லாஜிக் கேட் என்கின்றன. இலங்கையில் தர்க்கப் படலை. வீட்டு வேலியில் இருக்கும் படலையைச் சுற்றுக்கும் வைத்தது அழகான தேர்வு: திறந்தால் போகும், அடைத்தால் நிற்கும். ஆனால் சென்னை மாணவருக்கு அந்தச் சொல் புதிது.

கூற்றுகளின் உண்மை, பொய்ச் சேர்க்கைகளை வரிசையிடும் மெய்ம்மை அட்டவணை போடும்போது வரிசைகளின் எண்ணிக்கையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கூற்றுக்கு 4, மூன்றுக்கு 8, நான்குக்கு 16. ஒவ்வொரு கூற்றுக்கும் இரட்டிப்பாகும். மாணவர்கள் தவறவிடும் வரிசை ‘எனில்’ கூற்றில் வரும். ‘மழை பெய்தால் பள்ளி விடுமுறை’ என்பது நான்கில் ஒரே இடத்தில்தான் பொய்: மழை பெய்தும் விடுமுறை இல்லாதபோது. மழையே பெய்யாத இரண்டு வரிசைகளிலும் கூற்று உண்மை. இதை ஏற்க மனம் இடம்தராததால் அங்கே பொய் என்று போட்டு மதிப்பெண்ணை இழப்பார்கள். வானம் வெளுத்திருந்த நாளில் விடுமுறை விட்டால் அறிவிப்பு பொய்யாகிவிட்டதா என்று கேட்டுப் பார்த்தால் தெளியும்.

‘லாஜிக்கல் முகவரி’ என்பதைத் தருக்க முகவரி என்பது நடைமுறை. அங்கே தருக்கம் என்றால் காரணகாரியம் அல்ல, வன்பொருளில் உள்ள இடத்துக்கு மாறாக நிரல் பார்க்கும் இடம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்பதைத் தருக்கத்தோடு சேர்க்கவே வேண்டாம். சரக்கை ஏற்றி இறக்கிச் சேர்ப்பிக்கும் வேலை அது.

ஒன்றுக்கு மேற்பட்ட தருக்க அமைப்புகளைச் சொல்ல ‘தர்க்கங்கள்’ என்று பன்மையாக்கலாமா?

கூடாது. ‘தர்க்கங்கள்’ என்றால் வாக்குவாதங்கள். பௌத்தருடையது, நையாயிகருடையது, அரிஸ்டாட்டிலுடையது, இருமதிப்புடையது, பலமதிப்புடையது என்று தனித்தனி விதிகள் கொண்ட அமைப்புகளைக் குறிக்கும்போது ‘தருக்க முறைமைகள்’ அல்லது ‘தருக்க அமைப்புகள்’ என்று எழுதுங்கள். ஒன்றைத் தனியே சொல்ல ‘பௌத்தத் தருக்கம்’, ‘பலமதிப்புத் தருக்கம்’ என்று அடை சேர்த்தால் போதும்; அடை வந்துவிட்டால் சண்டைப் பொருள் தானே விலகிவிடும்.

பகுத்தறிவு என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பகுத்தறிவு ஒரு மனப்பாங்கு. தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம் அதற்குச் சமூகப் பொருளும் கொடுத்துவிட்டது. தருக்கம் ஒரு கருவி. சமய நூல்களைக் கட்டியவர்களும் மறுத்தவர்களும் அதே கருவியைத்தான் கையாண்டார்கள். சமண நூலான நீலகேசி பௌத்தரை மறுப்பதும், சிவஞான சித்தியாரின் பரபக்கம் பிற சமயங்களை மறுப்பதும் தருக்கத்தால்தான்.

‘படத்தில் லாஜிக் இடிக்குது’ என்று எழுத்தில் எழுதலாமா?

திரை விமர்சனத்தில் தாராளமாக. அங்கே அதைத் ‘தருக்கப் பிழை’ என்று மாற்றினால் பொருளே மாறிவிடும். விமர்சகர் சொல்ல வருவது வாதம் வாய்ப்பற்றது என்பதல்ல. முதல் பாதியில் நடக்க முடியாமல் கிடந்தவர் இரண்டாம் பாதியில் மாடியிலிருந்து குதிக்கிறார் என்பது. ‘நம்பும்படி இல்லை’, ‘ஒட்டவில்லை’ என்பவையே அதற்கு நெருக்கமான தமிழ்.